மருந்து அடிக்கும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள்

எங்கள் லேஅவுட் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் எல்லாருக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் சுருக்கத்தைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் என் பேத்தி டைப் அடித்துக் கொடுத்தாள். ஒரே பக்கம். அதை ஆபீஸ் அறையில் கொடுத்துவிட்டேன். முழுசாக எழுதுவது தமிழில்தான். குழுவில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பது ஒரு காரணம். எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும் என்பது இன்னொன்று. ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுவது ஏன் என்று கேட்பீர்கள். பெங்களூரில் கே.ஆர். புரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் காலி சைட் இருக்கிற எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான் நம் தெருவில் நடந்தது. அதனால்தான்.

ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், முதுகில் டேங்க் கட்டிய ஒரு பையன் மூன்றாவது கிராஸில் இருக்கிற ஐந்து காலி சைட்டுகளிலும் மருந்து அடித்தான். பூங்கா வேலி ஓரத்தையும் விடவில்லை. காலில் ரப்பர் செருப்பு, மூக்கில் கர்சீப், கையில் உறை கிடையாது. என்ன மருந்து என்று கேட்டேன். கேனைத் திருப்பிக் காட்டினான். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று கேட்டால், 'மூடி கணக்கு அங்கிள்' என்றான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போனால், அதே சைட்டில் சொப்பு விற்கிற அம்மா உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருக்கிறார். (தமிழில் சொப்பு என்றால் குழந்தைகள் வைத்து விளையாடுகிற மரச்சாமான், இந்த ஊரில் கீரை. என் பேத்தி சின்ன வயதில் 'சொப்பு சாம்பார்' என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.) அந்த அம்மா வாரம் ஒரு நாள் பஸ் பிடித்து வருகிறவர். காலி சைட்டுகளில் முளைக்கிற குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாவற்றையும் கலந்து பறித்து, 'பெரகெ சொப்பு' என்று கட்டுக்கட்டி மார்க்கெட்டில் விற்கிறவர். நாம் கலவைக்கீரை என்போமே, அதேதான். பாதிப் பை நிறைந்திருந்தது.

கிளைபோசேட்டின் குணம் தெரிந்தால்தான் என் பதற்றம் புரியும். அது இலை வழியாக உள்ளே போய் வேர் வரைக்கும் இறங்கும். அடித்த மறுநாள் செடி பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். மஞ்சளாகிக் காய்வதற்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். ஒரு போர்டு இல்லை, ஒரு கயிறு கட்டவில்லை. அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பை முழுவதையும் காசு கொடுத்து வாங்கி, அவர் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் கொட்டினேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார். என் ஓட்டைக் கன்னடத்தில் விளக்கிச் சொன்னதும், 'நேத்தே சொல்லியிருந்தா பஸ் காசாவது மிச்சம்' என்றார். அப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது செயலாளர் மேடம் கேட்டது ஒரே கேள்வி. 'களைதானே அங்கிள், யாருக்கு என்ன நஷ்டம்?' அதற்குப் பதில்தான் இந்த மடல். கூட்டத்தில் சொல்ல வரவில்லை. எனக்கு நின்றுகொண்டு பேசிப் பழக்கம் இல்லை.

நான் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. 'ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிற பெரியவர்', அவ்வளவுதான் தெரியும். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். படிப்பு எட்டாவது. 1983-இல் பெங்களூர் வந்து, ஹெப்பாள் பக்கம் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். ரிட்டையர் ஆகிற வரைக்கும் பெரும்பாலும் களைச் சோதனைப் பாத்திகளில்தான் வேலை. அரை மீட்டர் சதுரத்தில் ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். அதைப் பாத்திக்குள் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டும். விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் இருக்கிற களைகளை இனம் பிரித்து எண்ணி, வெட்டி, காகிதக் கவரில் போட்டு, அடுப்பில் உலர்த்தி எடை போட வேண்டும். இப்படி எத்தனை ஆயிரம் தடவை குனிந்தேன் என்று எனக்கே தெரியாது. என் முதுகுவலிக்குப் பெயர் வைத்தால் 'சட்டம்' என்றுதான் வைக்க வேண்டும்.

அதனால் 'செடி எல்லாம் கடவுள், ஒன்றையும் தொடாதே' என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்று சொல்லிச் சொல்லியே முதுகில் வைத்தவர் என் அப்பா. கேழ்வரகு விதைத்த முதல் நாலைந்து வாரம் களை எடுக்கவில்லையென்றால் வீட்டில் களி கிண்ட மாவு இருக்காது. களைக்கொல்லியையும் நான் கையால் அடித்தவன்தான். எதற்கு, எப்போது, எவ்வளவு என்று அளந்து அடித்தவன்.

காலி சைட்டில் நீங்கள் காப்பாற்றுகிற பயிர் எது? 'பாம்பு வரும், கொசு வரும்' என்கிறீர்கள். கொசு செடியில் பிறக்காது, தேங்கிய தண்ணீரில் பிறக்கும். அந்த ஐந்து சைட்டிலும் கிடக்கிற தேங்காய் ஓட்டையும் பழைய டயரையும் எடுத்தால் பாதிக் கொசு போகும். பாம்பு எலிக்காக வருகிறது, எலி நாம் வீசுகிற சோற்றுக்காக வருகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பேச வேண்டியது இதுதான். இப்போது ஆகஸ்ட் முதல் வாரம். மருந்து அடித்து எட்டு வாரம் ஆகிறது. ஒரு தடவை மூன்றாவது கிராஸுக்குப் போய்ப் பாருங்கள். மே மாதம் மழை விழுந்ததும் அங்கே என்னென்ன முளைத்தது என்று எனக்குத் தெரியும். பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன். குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, தும்பை, குப்பைமேனி, நாயுருவி, கொஞ்சம் கோரை, ஓரத்தில் அங்கங்கே பார்த்தீனியம். இன்றைக்கு அங்கே இருப்பது ஏறக்குறைய பார்த்தீனியம் மட்டும்தான். காரட் இலை மாதிரி இலை, மேலே சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கன்னடத்தில் காங்கிரஸ் கிட, நம் ஊரிலும் காங்கிரஸ் செடி. நீங்கள் பணம் கொடுத்து அதற்கு இடம் காலி செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். கிளைபோசேட் பச்சை இலையில் பட்டால்தான் வேலை செய்யும். செடிகளுக்கு இருக்கிற, மனிதருக்கும் மிருகங்களுக்கும் இல்லாத ஒரு என்சைமை அது அடைத்துவிடுகிறது. செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைச் செய்ய முடியாமல் செத்துப்போகிறது. மண்ணில் விழுந்த மருந்து மண்துகளோடு ஒட்டிக்கொண்டு சும்மா ஆகிவிடும். மண்ணுக்குள் இருக்கிற விதையை அது ஒன்றும் செய்யாது. ஆகவே நீங்கள் கொன்றது அன்றைக்கு முளைத்து நின்ற செடிகளை. அடியில் உறங்குகிற விதைகளுக்கு வெயிலும் வெட்டவெளியும் கிடைத்தது. வெட்டவெளி கிடைத்தால் முதலில் ஓடி வருகிறவன் பார்த்தீனியம். ஒரு செடியே 15,000-இலிருந்து 25,000 விதை வரை போடும். முளைத்து ஒரு மாதத்தில், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசிகிற பொருள் பக்கத்தில் மற்ற விதைகளை எழவிடாது. அதிகம் தொட்டவர்களுக்குத் தோல் தடித்து, வெடித்து, ரத்தம் கசியும். பூந்தூள் மூக்குக்குள் போனால் தும்மல், இளைப்பு. என்னோடு வேலை செய்த ஒருவருக்குக் கழுத்தும் முழங்கையும் யானைத்தோல் மாதிரி ஆகி, கடைசியில் அலுவலகத்துக்குள்ளேயே வேலை மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்தச் செடியை நெருக்கி அடக்குகிற செடிகள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. தகரை, ஆவாரை, கொழுஞ்சி. அந்தப் பட்டியலில் முள்ளுக்கீரையும் இருக்கிறது. நீங்கள் முதலில் சாகடித்தது அதைத்தான்.

பெங்களூர் பெருமைப்பட வேண்டிய ஒரு கதையும் இதில் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்த்தீனியம் நம் நாட்டில் பெரிதாகக் கண்ணில் பட்டது 1950-களின் நடுவில், புனேயில். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு வந்தது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கொஞ்ச வருஷத்தில் பெங்களூரில் ரயில் ரோடு ஓரம், மைதானம், காலி மனை எல்லாம் அதுவே. பிடுங்கி மாளவில்லை. 1983-இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்தார்கள். 'சைகோகிராமா' என்று பெயர். எங்களுக்கு 'மெக்சிகோ வண்டு'. வேறு செடியைத் தின்னுமா என்று சோதித்துவிட்டு, 1984-இல் பெங்களூரில்தான் முதலில் வெளியே விட்டார்கள், ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடு வளைந்து வளைந்து போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் சில வருஷம் ஒன்றும் தெரியவில்லை. 'வண்டு விட்டாங்களாம், வண்டு' என்று நாங்களே கிண்டல் செய்தோம். அப்புறம் ஒரு மழைக்காலம் பார்த்தால் ஹெப்பாள் பக்கம் பார்த்தீனியம் எல்லாம் இலையே இல்லாமல் வெறும் குச்சியாக நிற்கிறது. இலையைத் தடவினால் புழுவும் வண்டும் கையில் வழிகிறது. அந்த இடங்களில் புல்லும் கீரையும் திரும்ப வந்ததை நான் சட்டம் போட்டு எண்ணியிருக்கிறேன்.

நடுவில் ஒரு கலவரமும் வந்தது. 90-களின் தொடக்கத்தில் சூரியகாந்திக் கொல்லையில் இந்த வண்டைப் பார்த்த விவசாயிகள் கொதித்துப்போனார்கள். நியாயமான பயம்தான். ஆராய்ந்து பார்த்ததில், பக்கத்தில் இருந்த பார்த்தீனியத்தின் பூந்தூள் சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்ததும், அந்த ருசிக்குத்தான் வண்டு கடித்தது என்பதும் தெரிந்தது. வண்டுமேல் குற்றம் இல்லை என்று ஆனது.

அந்த வண்டு மழைக்காலத்தில் மேயும். மழை முடிந்ததும் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த மே, ஜூன் மழைக்கு எழுந்து வரும். நீங்கள் ஒவ்வொரு கோடையிலும் ஜேசிபி வைத்து மேல்மண்ணை வழித்து லாரியில் அனுப்புகிறீர்களே, அதில் வண்டையும் சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள். மண்ணைக் கிளறிவிட்ட இடத்தில் மழை விழுந்தால் யார் வருவார் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இனி கீரைக்கு வருகிறேன். 'கிள்ளுக்கீரை' என்று ஒரு ஆளை மட்டமாகச் சொல்வதற்கு நாம் பயன்படுத்துகிற சொல்லுக்குள்ளேயே இந்தச் செடியின் குணம் இருக்கிறது: கிள்ளினால் மறுபடி தழைக்கும்.

அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை எல்லாம் ஒரே இனம், அமராந்தஸ். நாம் பாத்தி கட்டி விதைத்தால் பயிர், தானாக வந்தால் களை. நடுவில் இருக்கிற வேலி நாம் போட்டதுதான். இலைக்காம்பு சேருகிற இடத்தில் ஜோடியாக முள் இருந்தால் முள்ளுக்கீரை, கன்னடத்தில் முள்ளு ஹரிவே. முள் இல்லாமல், இலை நுனியில் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் அது குப்பைக்கீரையாக இருக்கும். பண்ணைக்கீரை பக்கத்துச் சொந்தம். வெள்ளியும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விடுமே, அது. கன்னடத்தில் அண்ணெ சொப்பு.

இந்த இனம் ஏன் இப்படி எங்கே பார்த்தாலும் வருகிறது? இரண்டு சாமர்த்தியம். ஒன்று, வெயிலைச் சாப்பிடுகிற முறை. மக்காச்சோளம், கரும்பு, கேழ்வரகு இவற்றுக்கு இருக்கிற மாதிரி சூட்டிலும் வறட்சியிலும் தளராமல் மாவு சமைக்கிற ஏற்பாடு (சி4 என்பார்கள்) இதற்கும் இருக்கிறது. அகன்ற இலைச் செடிகளில் அது அபூர்வம். மற்றது வாடுகிற பங்குனி வெயிலில் இது நிமிர்ந்து நிற்கும். இரண்டாவது, விதை. கடுகைவிடச் சின்னது, கறுப்பு, பளபளப்பு. இந்த இனத்தில் செழித்து வளர்ந்த ஒரே செடியில் லட்சம் விதைக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். மண்ணுக்கு மிக அருகில், வெளிச்சம் படுகிற ஆழத்தில் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். ஆழத்தில் போனது பொறுமையாகப் படுத்திருக்கும். அமெரிக்காவில் மிச்சிகனில் பீல் என்று ஒரு பேராசிரியர், 1879-இல் இருபது பாட்டில்களில் களை விதைகளை மணலோடு கலந்து பூமிக்குள் புதைத்து வைத்தார். சில வருஷத்துக்கு ஒரு பாட்டில் என்று தோண்டி எடுத்து முளைக்கப் போட்டுப் பார்க்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை. 2021-இல்கூட ஒன்றைத் தோண்டினார்கள். அந்த விதைகளில் நம் கீரையின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒன்றும் உண்டு. நாற்பதாவது வருஷம் எடுத்த பாட்டிலிலும் அது முளைத்தது. இப்போது சொல்லுங்கள், மூடி கணக்கில் அடித்து இதை ஒழித்துவிட முடியுமா?

ஒழிக்க முயன்ற ஊரில் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டில் இந்த இனத்தில் 'பால்மர்' என்று ஒரு பேய்க்கீரை இருக்கிறது. நல்ல சூட்டில் ஒரு நாளைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வளரும். வருஷா வருஷம் கிளைபோசேட் ஒன்றையே நம்பி அடித்தார்கள். 2005 வாக்கில் ஜார்ஜியா மாநிலத்தில் அந்த மருந்துக்குச் சாகாத பால்மர் உறுதியானது. அந்தச் செடி செய்த தந்திரம் என்ன தெரியுமா? மருந்து அடைக்கிற அந்த என்சைமைச் செய்கிற மரபணுவையே நகல் எடுத்துப் பெருக்கிக்கொண்டது; சில செடிகளில் நூறு மடங்குக்கும் மேல். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி வைத்து வாசலை அடைத்தால், நூறு வாசல் திறந்துவிட்ட மாதிரி. கடைசியில் அந்தப் பெரிய பண்ணைக்காரர்களும் ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டிவந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. எங்கள் ஊரில் மழை விழுந்த பத்தாம் நாள் அம்மா கொல்லைக்குப் போய், மடியில் ஒரு மடி கீரையோடு வருவார். குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, எது கிடைத்ததோ அது. பூண்டு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், துளி புளி போட்டுச் சட்டியில் வேகவைத்து, மத்தால் கடைந்து, சூடான களி உருண்டையில் குழி பண்ணி ஊற்றினால், அப்புறம் பேச்சே இருக்காது. இங்கே பக்கத்து வீட்டு கௌடர் வீட்டில் களிக்கு முத்தை என்று பெயர், கடைந்த கீரைக்கு மஸ்ஸொப்பு. மத்து வேறு, ருசி ஒன்று.

செயலாளர் மேடம் வீட்டில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற 'அமரந்த்' பொரியும் இதே இனம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்; டப்பாவை நீங்கள்தான் காட்டினீர்கள். வடநாட்டுக்காரர்கள் விரத நாளில் சாப்பிடுகிற ராஜகீரா லட்டும் அதுதான். தானியத்துக்கென்று வளர்க்கிற வகைகளுக்கு விதை வெளுப்பாக இருக்கும். களையின் விதை கறுப்பு. மெக்சிகோவில் அஸ்டெக் அரசர்களுக்குக் கப்பமாகக் கட்டிய தானியம் இது. கோதுமையில் குறைவாக இருக்கிற லைசின் என்கிற அமினோ அமிலம் இதில் நிறைய. எங்கள் பண்ணையிலேயே 'சுவர்ணா' என்று ஒரு தானிய ரகம் வந்தது. ஹெசரகட்டாவிலிருந்து இலைக்கு 'அர்கா சுகுணா', 'அர்கா அருணிமா'. ஒரு பக்கம் வளர்க்க விஞ்ஞானி, இன்னொரு பக்கம் அழிக்க டேங்க்.

அதற்காகக் கண்ணில் பட்ட கீரையை எல்லாம் பறித்து வாயில் போடுங்கள் என்று சொல்லவில்லை. நம் லேஅவுட்டின் பின்பக்கம் ராஜகாலுவே (பெரிய வடிகால்) ஓரம் முளைக்கிறதே, அது எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் வேண்டாம். கீரை மண்ணில் இருக்கிற ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். கழுவினால் மேலே இருக்கிற தூசிதான் போகும், உள்ளே போனது போகாது. மெயின் ரோட்டு ஓரத்துக்கும் அதே கதை. அப்புறம், இந்தக் கீரைகளில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும், ருசியும் ஓரளவு குறையும். தலைவர் சாருக்கு இளைப்பு இருக்கிறது என்று தெரியும். பார்த்தீனியம் மட்டுமல்ல, பூத்து முற்றிய குப்பைக்கீரை, முள்ளுக்கீரையின் பூந்தூளும் காற்றில் பறந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே இதையும் வளர்த்து மரமாக்க வேண்டாம். கதிர் வருவதற்குள் பறித்துவிட வேண்டும். அந்த வேலையைத்தான் சொப்பு அம்மா நமக்குச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். வாரா வாரம் கொழுந்தைக் கிள்ளிப்போனால் கதிர் எங்கே வரும், விதை எங்கே விழும்?

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் கிளைபோசேட்டைப் பற்றி ஓர் அறிவிக்கை போட்டது: பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாகத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முன், 2015-இல், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் சேர்த்தது. வேறு நாட்டு அமைப்புகள் சில அதை ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ரப்பர் செருப்பும் கர்சீப்பும் போட்ட பையனிடம் உரிமம் இருந்ததா என்று மட்டும் கேட்கிறேன். யாரை வைத்து அடித்தீர்கள், எவ்வளவு பில் போட்டார்கள் என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்க, சைட் முழுக்க அடிக்கிற அந்த கான்ட்ராக்டை நிறுத்துங்கள். முதலில் பார்த்தீனியத்தை மட்டும் கையால் பிடுங்குவோம். ரப்பர் உறை போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். பூக்காத செடி என்றால் உரக்குழியில் போடலாம். பூத்ததை அப்படிப் போடக் கூடாது, கனமான பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மொட்டைமாடி வெயிலில் சில வாரம் வைக்க வேண்டும். கொளுத்த வேண்டாம். இலையில் வண்டு மேய்ந்துகொண்டிருந்தால் அந்தச் செடியைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஜேசிபி வேண்டாம்; அதற்குப் பதிலாக ஒரு கைப்பிடி தகரை விதையும் ஆவாரை விதையும் தூவிவிடலாம். ஆவாரை மஞ்சளாகப் பூத்தால் சைட்டைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தகரைக் கொழுந்தை மழைக்காலத்தில் மங்களூர்க்காரர்கள் விரும்பிச் சமைப்பார்கள். முதல் மெயினில் இருக்கிற பேங்க் மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள். சாரணையும் நாயுருவியும் நடக்கிற வழியில் வந்தால் வெட்டிவிடுங்கள், அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வர மாட்டேன். பருப்புக்கீரையைப் பிடுங்கினால் மண்ணில் போடாதீர்கள், கிடந்த இடத்திலேயே வேர் விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பூங்காவில் குழந்தைகள் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோரைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதைக் கொத்தக் கொத்தக் கிழங்கு உடைந்து பத்தாகும். அதற்கு மருந்துதான் சரி என்று குழு முடிவு செய்தால், உரிமம் உள்ள ஆளை வைத்து, காற்றில்லாத காலையில், அந்த ஒரு இடத்தில் மட்டும், கயிறு கட்டி, எத்தனை நாள் உள்ளே போகக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதி வைத்துவிட்டு அடியுங்கள். போர்டை நானே எழுதித் தருகிறேன். என் கன்னடம் பேச்சில்தான் ஓட்டை, எழுத்தில் பரவாயில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 16-இலிருந்து 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் என்று நாடு முழுக்க வேளாண் நிலையங்களில் நடத்துவார்கள். பேனர் கட்டி, போட்டோ எடுத்து, அன்றைக்குப் பிடுங்கலாம் என்று உங்களில் யாராவது யோசிக்கலாம். அதுவரை காத்திருந்தால் நம் சைட்டில் விதை கொட்டிவிடும். இப்போதே பாதிச் செடி பூத்துவிட்டது.

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மூன்றாவது கிராஸ் முனையில் இருப்பேன். பழைய சட்டத்தைப் பண்ணையில் விட்டுவிட்டு வந்தேன், ஆனால் பி.வி.சி. குழாயில் அதே அளவுக்கு ஒன்று செய்திருக்கிறேன். பிடுங்குவதற்கு முன் எண்ணி எழுதி வைத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உறை பத்து ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், பில் சங்கத்துக்கு வரும். பிள்ளைகள் வந்தால் எண்ண வைக்கலாம். பிடுங்குவது பெரியவர்கள் மட்டும். இளைப்பு உள்ளவர்கள் வர வேண்டாம், தலைவர் சார் உட்பட.

இப்படிக்கு,
மூன்றாவது கிராஸ், ரோஜாத் தொட்டிக்காரர்

பி.கு.: சொப்பு அம்மாவை ஹொஸ்கோட்டே போகிற பஸ் நிறுத்தத்தில் போன வாரம் பார்த்தேன். இங்கே இனிமேல் அடிக்க மாட்டார்களா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். வாட்ச்மேனிடம் அவரைத் தடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லிவிடுவேன்.